கல்வெட்டு எடுக்க எந்த கேமரா? 1300டி, 1500டி, டி3400, டி5300: சில கைப்பழக்கக் குறிப்புகள்

கல்வெட்டு படிக்கக் கற்றுக்கொள்ளும் நண்பர்கள் என்னிடம் எழுத்தைப் பற்றிக் கேட்பதைவிட கேமராவைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். "ரொம்ப செலவு பண்ண முடியாது சார், செகண்ட் ஹேண்டா இருந்தாலும் பரவாயில்லை, எது நல்லது?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது. அதனால் என் குறிப்பேட்டில் கிடந்ததை ஒழுங்குபடுத்தி இங்கே போடுகிறேன். நான் புகைப்படக்காரன் இல்லை. பகலில் கோடு எழுதி, சனி ஞாயிறுகளில் தாமிரபரணிக் கரையோரக் கோயில்களில் அதிட்டானத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டு திரிகிறவன். ஆகவே கல்யாணம் எடுக்க, ரீல்ஸ் போட எது நல்லது என்பதெல்லாம் இதில் கிடையாது.

முதலில் நான் பட்ட ஒரு பாட்டைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரைக்குக் காரணமே அதுதான்.

2017, 18 வாக்கில் என்னிடம் சொந்த கேமரா இல்லை. அத்தை மகனிடம் கேனன் 1300டி இருந்தது. அதை வாங்கிக்கொண்டு போவேன். கூடவே ஒரு மலிவான ஃபிளாஷ், அதைத் தூரத்திலிருந்து எரியவைக்க ஒரு ஜோடி ரேடியோ ட்ரிக்கர். நன்றாகவே ஓடியது. 2019-ல் அவன் 1300டியை விற்றுவிட்டு 1500டி வாங்கினான். "அதே கேமராதான் அத்தான், பிக்சல் மட்டும் கூட" என்றான். இணையத்திலும் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். 18 மெகாபிக்சல் 24 ஆகியிருக்கிறது, மற்றபடி அதே 9 ஃபோகஸ் புள்ளி, அதே நொடிக்கு 3 படம், அதே பேட்டரி. நானும் நம்பி எடுத்துக்கொண்டு போனேன்.

போனது ஆற்றங்கரை ஊர் ஒன்றில் இருக்கும் சின்னக் கோயில். ஊர்ப் பெயர் வேண்டாம். முன்மண்டபத்தின் அடிப்பகுதியில், ஜகதியில் ஐந்து வரி எழுத்து. எழுத்தமைதியைப் பார்த்தால் பிற்காலப் பாண்டியர் காலம் என்று தோன்றியது. தேய்ந்த கல். நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, பக்கவாட்டில் வெளிச்சம் அடித்தால்தான் எழுந்து நிற்கும். ஃபிளாஷைப் பக்கத்தில் வைத்தேன், ட்ரிக்கரை கேமரா தலையில் மாட்டினேன், அழுத்தினேன். எரியவில்லை. பேட்டரி மாற்றினேன். சேனல் மாற்றினேன். ட்ரிக்கரில் இருக்கும் டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் ஃபிளாஷ் எரிகிறது, கேமராவில் அழுத்தினால் எரியவில்லை. ஒரு மணி நேரம் இப்படியே போனது. பூசாரி அண்ணாச்சி நடை சாத்தும் நேரம் வந்து நின்றார். "என்ன சார், லைட்டு எரிய மாட்டேங்குதோ? இன்னொரு நாளைக்கு வாங்களேன், கல்லு எங்க போயிரப் போகுது" என்றார். வெறும் வெளிச்சத்தில் நாலைந்து படம் எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

வீட்டுக்கு வந்து தேடிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. 1500டியின் ஹாட் ஷூவில் நடுப்புள்ளியே கிடையாது.

கொஞ்சம் விளக்க வேண்டும். கேமராவின் தலையில் ஃபிளாஷ் மாட்டும் இடம்தான் ஹாட் ஷூ. அதன் நடுவில் ஒரு பெரிய உலோகப் புள்ளி இருக்கும். ஷட்டர் முழுதாகத் திறந்த கணத்தில் அந்தப் புள்ளிக்கும் ஷூவின் ஓரத் தகட்டுக்கும் நடுவே மின்சுற்றை கேமரா மூடும். அவ்வளவுதான், ஃபிளாஷ் எரியும். எந்தக் கம்பெனி ஃபிளாஷாக இருந்தாலும், முப்பது வருடப் பழசாக இருந்தாலும் இந்த ஒரு புள்ளி போதும். பல பத்தாண்டுகளாக எல்லோரும் ஒப்புக்கொண்ட பொது ஏற்பாடு இது. கேனனில் இதைச் சுற்றி நாலு சின்னப் புள்ளிகளும் உண்டு. அவை கேனன் ஃபிளாஷோடு அதன் சொந்த மொழியில் பேசுவதற்கு. 2018-ல் வந்த 1500டியிலும் 3000டியிலும் நடுப்புள்ளியை எடுத்துவிட்டு அந்த நாலை மட்டும் விட்டார்கள். அடுத்த வருடம் வந்த 200டி மார்க் 2-விலும் அப்படியே. கேனன் ஃபிளாஷ் எரியும், கேனன் மொழி தெரிந்த விலை கூடிய சில ட்ரிக்கர்கள் எரியவைக்கும். நம் கையில் இருக்கும் ஒற்றைப் புள்ளி ட்ரிக்கர் எரியவைக்காது. பெட்டியில் 24.1 மெகாபிக்சல் என்று பெரிய எழுத்தில் போட்டவர்கள் இதைப் பெரிய எழுத்தில் போடவில்லை.

இரண்டு மாதம் கழித்து வேறு கேமராவோடு போனேன். கும்பாபிஷேக வேலை நடந்து முடிந்திருந்தது. ஜகதி முழுக்க டைல்ஸ். பூசாரி அண்ணாச்சிக்கு சந்தோஷம்: "போன மாசந்தான் ஒட்டுனாங்க. பாக்க லட்சணமா இருக்குல்லா?" என்னிடம் இப்போது இருப்பது அந்த நாலைந்து தட்டையான படங்கள்தான். ஐந்து வரியில் இரண்டு வரி ஒப்பேறும். மற்றதை மென்பொருளில் போட்டு எத்தனை உருட்டினாலும் கல்லின் புள்ளிதான் பெரிதாகிறது, எழுத்து வரவில்லை.

தவறு கேமராவினுடையது மட்டும் என்று சொல்ல மாட்டேன். புது கேமராவை வீட்டிலேயே ஒருமுறை மாட்டிப் பார்த்திருக்க வேண்டும். அதைவிட, 1500டியிலேயே ஒரு மாற்று வழி இருந்திருக்கிறது. கேமராவின் சொந்த ஃபிளாஷைத் தூக்கி, அதன் முன்னால் ஒரு அட்டையைப் பிடித்து வெளிச்சம் கல்லில் விழாமல் பக்கவாட்டில் திருப்பிவிட்டு, தனி ஃபிளாஷை ஸ்லேவ் முறையில் வைத்தால், சின்ன ஃபிளாஷின் மின்னலைப் பார்த்துப் பெரியது எரியும். கேமரா அளவு பார்ப்பதற்காக ஒரு முன்மின்னல் விடும், அதற்கு ஏமாறாமல் இரண்டாவது மின்னலுக்கு எரியும் எஸ்2 முறை வேண்டும். பல மலிவு ஃபிளாஷ்களில் இது உண்டு. என்னுடையதிலும் இருந்தது. அன்றைக்கு எனக்குத் தெரியாது.

சாய்ந்த வெளிச்சம் ஏன் இவ்வளவு முக்கியம் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். தேய்ந்த கல்வெட்டில் எழுத்தின் பள்ளம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இருந்தாலே அதிகம். எதிரிலிருந்து வெளிச்சம் வந்தால் பள்ளமும் மேடும் ஒரே பிரகாசம். கல்லை உரசினாற்போல 10, 15 டிகிரி கோணத்தில் வந்தால் பள்ளத்தின் ஒரு விளிம்பு நிழலாகவும் எதிர் விளிம்பு பளிச்சென்றும் தெரியும். ஆனால் வெளிச்சம் வரும் திசைக்கு இணையாக ஓடும் கோடு மறைந்துவிடும். இடப்பக்கமிருந்து அடித்தால் படுக்கைக் கோடுகள் காணாமல் போகும், மேலிருந்து அடித்தால் செங்குத்துக் கோடுகள். நம் பக்கத்தில் வட்டெழுத்து நிறைய. அம்பாசமுத்திரத்து வரகுண பாண்டியன் கல்வெட்டு போல. அதில் எழுத்துக்கு எழுத்து வளைவுதான் வித்தியாசம். ஒரே திசை வெளிச்சத்தில் எடுத்த படத்தைப் பார்த்து வட்டெழுத்து படித்தால் ஒன்றை இன்னொன்றாகப் படிக்க வாய்ப்பு அதிகம். அதனால் கேமராவை அசைக்காமல், ஒரே சட்டகத்தில் குறைந்தது மூன்று திசையிலிருந்து ஃபிளாஷ் அடித்து மூன்று படம் எடுக்க வேண்டும்.

ஃபிளாஷ் வேண்டாம், சூரியனே போதும் என்பவர்கள் உண்டு. சரிதான், நாள் பார்த்துப் போனால். திருநெல்வேலி கிட்டத்தட்ட 8.7 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் 12-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் உச்சிக்கு வடக்கே போய்விடும். ஜூன் கடைசியில் நண்பகலில் வடக்குச் சுவர் மேல் வெயில் ஏறத்தாழ 15 டிகிரி சாய்வில் விழும். வடக்குச் சுவர்க் கல்வெட்டுக்கு அதைவிட நல்ல விளக்கு கிடையாது. தெற்குச் சுவருக்கு மார்ச் தொடக்கமும் அக்டோபரும். ஆனால் கபோதத்தின் நிழல், பக்கத்து மண்டபம், தகரக் கொட்டகை எல்லாம் குறுக்கே வரும். மண்டபத்துக்குள் இருக்கும் அதிட்டானத்துக்கு வெயில் வரவே வராது. அங்கே ஃபிளாஷ்தான்.

இனி கேமராக்கள்.

நிக்கான் டி3400-ம் அதற்குப் பிறகு 2018-ல் வந்த டி3500-ம் கையில் பிடிக்க இந்தக் கூட்டத்திலேயே சுகமானவை. டி3500 பேட்டரியோடு சேர்த்து 415 கிராம், 1500டி 475 கிராம். 60 கிராமெல்லாம் ஒரு வித்தியாசமா என்று தோன்றும். எனக்கு எடையைவிடப் பிடிதான் பெரிய விஷயம். நிக்கானில் பிடி ஆழமாக இருப்பதால் மூன்று விரல் உள்ளே போய் உட்காரும். மே மாதத்தில் கை வியர்த்து வழியும்போது அதன் அருமை தெரியும். பேட்டரி இன்னொன்று: கம்பெனிக் கணக்குப்படி டி3400-க்கு 1200 படம், டி3500-க்கு 1550, 1500டிக்கு 500. லைவ் வியூ போட்டு ஃபோகஸ் பார்த்தால் எல்லாமே குறையும். ஆனாலும் நிக்கானில் ஒரே பேட்டரியோடு பிரம்மதேசம், மன்னார்கோவில், திருவாலீஸ்வரம் மூன்றையும் ஒரே நாளில் முடித்து வந்திருக்கிறேன்.

நிக்கானின் இந்தச் சின்ன கேமராக்களில் நடுப்புள்ளி இருக்கிறது. கூடவே உள்ளிருக்கும் ஃபிளாஷை மேனுவலில் போட்டு 1/32 வரை குறைக்கலாம். முன்மின்னல் கிடையாது. அதனால் எவ்வளவு மலிவான ஸ்லேவ் ஃபிளாஷும் அதைப் பார்த்து எரிந்துவிடும். ட்ரிக்கரை மறந்து போன ஒரு நாள் இதுதான் காப்பாற்றியது.

குறை? எக்ஸ்போஷர் பிராக்கெட்டிங் கிடையாது. ஒரே காட்சியை இருட்டாக, நடுத்தரமாக, வெளிச்சமாக மூன்று தடவை தானாக எடுக்கும் வசதி அது. மண்டபத்து உள்ளிருட்டும் வெளி வெயிலும் ஒரே சட்டகத்தில் வரும்போது வேண்டும். 1500டியில் அது இருக்கிறது, பிளஸ் மைனஸ் 2 ஸ்டாப் வரை. டி3400-ல் நாமேதான் பொத்தானைப் பிடித்துச் சக்கரத்தைத் திருப்ப வேண்டும், திருப்பும்போது ட்ரைபாட் லேசாக அசையும். ஆனால் நிக்கான் சென்சாரில் நிழல் பகுதியைக் கணினியில் தூக்கினால் 1500டியைவிட இரைச்சல் நன்றாகவே குறைவு. ரா கோப்பில் எடுத்தால் பாதி நேரம் பிராக்கெட்டிங் தேவைப்படுவதில்லை. காகிதத்தில் பார்த்தால் 1500டி 14 பிட், டி3400 12 பிட். கோடு எழுதுகிறவன் புத்தி, பிட் கூட இருந்தால் ஒசத்தி என்று நினைத்தேன். படத்தைத் திறந்து பார்த்தால் நேர்மாறு.

இன்னொன்று, நிக்கான் டி3000, டி5000 வரிசைகளில் உடலுக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை. பழைய 50 எம்எம் 1.8டி லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். ஏஎஃப்-எஸ் என்று போட்ட 1.8ஜி வாங்க வேண்டும், விலை கூடும். கேனனில் இந்தத் தொல்லை கிடையாது, 50 எம்எம் எஸ்டிஎம் எதில் மாட்டினாலும் ஓடும். கிருஷ்ணாபுரம் மாதிரி இடத்துக்கு இது முக்கியம். வீரபத்திரரும் மன்மதனும் ரதியும் நிற்கும் மண்டபத்தில் வெளிச்சம் குறைவு, கருங்கல் வேறு. தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடங்களில் ட்ரைபாட் வைக்கத் தனி அனுமதி வேண்டும். கையில் பிடித்துத்தான் எடுக்க வேண்டும் என்றால் 18-55 கிட் லென்ஸ் திணறும். நான் நிக்கானில் 35 எம்எம் 1.8 வைத்து, ஐஎஸ்ஓ 1600-ல், தூணில் முதுகைச் சாய்த்துக்கொண்டு எடுப்பேன்.

கிட் லென்ஸிலும் கைப்பழக்க வேறுபாடு உண்டு. கேனன் 18-55 லென்ஸின் பக்கத்தில் ஏஎஃப் எம்எஃப் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். ஒருமுறை ஃபோகஸ் வைத்துவிட்டு எம்எஃப்-க்குத் தள்ளிவிட்டால் மூன்று திசைப் படமும் ஒரே ஃபோகஸில் வரும். டி3400-ஓடு வரும் ஏஎஃப்-பி லென்ஸில் அந்த சுவிட்சே கிடையாது, மெனுவுக்குள் போய் மாற்ற வேண்டும். இருட்டில் உட்கார்ந்துகொண்டு மெனு தேடுவது எரிச்சல். நிக்கானில் மெனுவைத் தமிழில் வைத்துக்கொள்ளலாம் என்பது ஒரு கூடுதல் சுவாரசியம். நான் ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு ஆங்கிலத்துக்கே திரும்பிவிட்டேன், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

கேனனின் பொத்தான் அமைப்பு எனக்குப் பிடிக்கும். நான்கு திசைப் பொத்தானில் மேலே அழுத்தினால் ஐஎஸ்ஓ, வலது ஃபோகஸ், கீழே ஒயிட் பேலன்ஸ், இடது டைமர். கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம். டி3400-ல் ஐஎஸ்ஓவுக்கு முன்பக்கத்து எஃப்என் பொத்தானைப் பழகிக்கொள்ள வேண்டும். ஒரு கம்பெனியில் பழகிய கைக்கு மற்றது ஒரு மாதம் உதைக்கும். லென்ஸ் மாட்டும் திசை, ஜூம் திருப்பும் திசைகூட இரண்டிலும் எதிரெதிர்.

3000டி பற்றி ஒரு வரி. விலை குறைவு என்று வாங்காதீர்கள். நடுப்புள்ளி இல்லை, லென்ஸ் மவுண்ட் பிளாஸ்டிக், கண் பவருக்கு ஏற்ப வியூஃபைண்டரைத் திருத்தும் சக்கரம்கூட இல்லை. நாற்பது தாண்டி கண்ணாடி போட்ட என்னைப் போன்றவர்களுக்கு அது போதும் வேண்டாம் என்று சொல்ல.

நான் கடைசியில் வாங்கியது பழைய டி5300. 2013-ல் வந்த கேமரா. திரை வெளியே திரும்பும், பிராக்கெட்டிங் உண்டு, நடுப்புள்ளி உண்டு, ஜிபிஎஸ் உள்ளேயே இருக்கிறது. திரும்பும் திரையின் அருமை திருப்புடைமருதூரில் தெரிந்தது. அந்தக் கோபுரத்து உள்மாடங்களில் சுவரெல்லாம் ஓவியம், உத்தரமெல்லாம் மரச்சிற்பம். உத்தரத்தை எடுக்க நிலையான திரை கேமராவைத் தரையில் வைத்தால் நாம் தரையோடு தரையாகப் படுக்க வேண்டும். இதில் கேமராவை மல்லாக்க வைத்து, திரையைப் பக்கவாட்டில் திருப்பி, உட்கார்ந்தபடி எடுக்கலாம். அதிட்டானத்துக்கும் அப்படித்தான். குமுதத்துக்குக் கீழே தரையிலிருந்து அரை அடி உயரத்தில் எழுத்து இருக்கும்போது என் முதுகு டி5300-க்கு நன்றி சொல்லும். ஜிபிஎஸ் முதலில் பிடிக்க நேரமாகும், பேட்டரியையும் தின்னும். ஆனால் ஒரே நாளில் நாலு ஊர் சுற்றிவிட்டு வந்து, எந்தப் படம் எந்தக் கோயில் என்று குழம்புவது நின்றது. படத்திலிருந்து இடத்தைப் படித்துக் கோப்புறை பிரிக்க ஒரு சின்ன பைத்தான் நிரல் எழுதி வைத்திருக்கிறேன்.

கேனனே வேண்டும் என்பவர்கள் பழைய 700டி தேடுங்கள். 18 மெகாபிக்சல்தான், 580 கிராம் கனம்தான். ஆனால் திரும்பும் தொடுதிரை, நடுப்புள்ளி, ஒன்பதும் குறுக்கு வகை ஃபோகஸ் புள்ளிகள், கேனன் ஃபிளாஷைக் கம்பியில்லாமல் எரியவைக்கும் வசதி எல்லாம் இருக்கிறது. கல்வெட்டுக்கு 18 மெகாபிக்சல் தாராளம். ஒரு சட்டகத்தில் இரண்டடி அகலக் கல் எடுத்தாலே எழுத்துக்கு வேண்டிய அளவு விவரம் வந்துவிடும். அதற்கு மேல் வேண்டுமென்றால் பகுதி பகுதியாக எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். 200டி-யும் நல்லதுதான், லைவ் வியூவில் ஃபோகஸ் டக்கென்று பிடிக்கும், நடுப்புள்ளியும் இருக்கிறது. மார்க் 2 என்று கேட்காமல் கொடுத்துவிடப் போகிறார்கள், பார்த்து வாங்குங்கள்.

கூந்தன்குளத்தில் பறவை எடுக்கவும் அதே கேமரா போதுமா என்று ஒருவர் கேட்டார். போதும், நொடிக்கு 5 படம் எடுக்கும் டி3400, டி5300, 700டி, 200டி என்றால். 3 படம் எடுக்கும் 1500டியில் மஞ்சள்மூக்கு நாரை சிறகை விரித்து இறங்கும்போது நமக்கு வேண்டிய கணம் இரண்டு படத்துக்கு நடுவில் போய்விடும்.

நிக்கானின் இந்த வரிசை இப்போது புதிதாக வருவதில்லை, பழையதுதான் வாங்க வேண்டியிருக்கும். நிக்கான் என்றால் புதிதாக ஒரு ஜேபெக் எடுத்து எக்ஸிஃப்டூல் என்ற இலவசக் கருவியில் போட்டால் இதுவரை எத்தனை தடவை ஷட்டர் விழுந்திருக்கிறது என்று சொல்லிவிடும். கேனனின் தொடக்கநிலை கேமராக்கள் அந்த எண்ணைப் படத்தில் எழுதுவதில்லை. லென்ஸைப் பின்பக்கமிருந்து செல்போன் டார்ச் அடித்துப் பாருங்கள், சிலந்தி நூல் மாதிரி தெரிந்தால் பூஞ்சை, வேண்டாம். வாங்கியபிறகு ஐப்பசி கார்த்திகை மழைக்காலத்தில் துணிப் பையில் போட்டு அலமாரியில் வைத்துவிடாதீர்கள். காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும்.

கேனன் பார்க்கப் போனால் ஒற்றைப் புள்ளி ட்ரிக்கர் ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்பார்கள். மாட்டி ஒரு தடவை அழுத்தினால் தெரிந்துவிடும்.